ஆறு பிய்த்துக்கொண்டு போன நிலம் யாருக்கு?

வாசகர் கடிதம்: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மகள் குடும்பம் அமெரிக்காவில் ஒமாஹா நகரத்தில் இருக்கிறது. போயிருந்தபோது பேரன் பந்து விளையாடி, முன்பல் ஒன்று வேரோடு கழன்று விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘அவல்ஷன்’ என்று எழுதியிருந்தார்கள். ஊருக்குத் திரும்பும் நாளில் மருமகன் விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோனார். நெப்ராஸ்கா மாநிலத்துக்கு நடுவிலேயே ‘அயோவா உங்களை வரவேற்கிறது’ என்று ஒரு பலகை. அயோவா மிசௌரி ஆற்றுக்கு அந்தப் பக்கம்தானே என்று கேட்டேன். “அதுவும் அவல்ஷன்தான் மாமா” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருவிடைமருதூர் வட்டத்தில் கொள்ளிடக் கரைப் படுகையில் எனக்கு 1 ஏக்கர் 40 சென்ட் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்பு வந்த வெள்ளத்தில் ஆறு என் நிலத்தின் குறுக்கே புகுந்து புது வழி வெட்டிக்கொண்டது. இப்போது சுமார் 60 சென்ட் எங்கள் பக்கம், 30 சென்ட் தண்ணீருக்கு அடியில், மீதி 50 சென்ட் அக்கரையில். அங்கே அரியலூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் எள் விதைத்திருக்கிறார். கேட்டால், “ஆறு எடுத்தது ஆற்றுக்கு, ஆறு கொடுத்தது கரைக்காரனுக்கு” என்கிறார். என் நிலம் போனது போனதுதானா? அந்த அமெரிக்கச் சட்டம் நமக்கும் உண்டா?

பதில்:

ஐயா, வணக்கம். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடந்தது என்றால் உங்கள் நிலம் எங்கும் போகவில்லை. அக்கரையில் இருக்கும் 50 சென்ட்டும் உங்களுடையதுதான். தண்ணீருக்கு அடியில் இருக்கும் 30 சென்ட்டும் சுலபத்தில் கைவிட வேண்டியதில்லை. ஆனால் ‘அப்படியே நடந்தது’ என்பதை ஆவணத்தோடு காட்ட வேண்டியவர் நீங்கள். வழக்கின் பாரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. அந்த எள் விதைத்தவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால்தான் உங்களால் பதில் சொல்ல முடியும்.

பேரன் பல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நான் சிவில் வக்கீல், வைத்தியம் என் துறை இல்லை. பல் மருத்துவரான நண்பர் ஒருவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். உடலில் ஒரு பாகம் இருந்த இடத்திலிருந்து பலவந்தமாகப் பிய்ந்து வந்தால் டாக்டர்கள் அவல்ஷன் என்று குறிப்பார்கள். கணுக்கால் பிசகும்போது தசைநார் எலும்பின் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தாலும் அதுதான். கதவுக் கம்பியிலோ லாரிப் பலகையிலோ மோதிரம் மாட்டி விரல் தோல் உரிந்துவிட்டாலும் அதுதான். இருசக்கர வாகன விபத்தில் தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டு, கைக்குப் போகும் நரம்பு தண்டுவடத்திலிருந்தே வேரோடு அறுந்துபோவது இவற்றில் மிகக் கொடியது. அறுந்த இரண்டு முனையைச் சேர்த்துத் தைப்பதுபோல அதைத் தைக்க முடியாதாம். வேறு நரம்பைத் திருப்பிவிடும் அறுவை சிகிச்சை உண்டு. அதையும் மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது என்றார்.

பல் விழுந்தால் செய்ய வேண்டியதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டில் குழந்தைகள் இருக்கும் எல்லாருக்கும் இது பயன்படும். விழுந்த பல்லை மேல்பக்கம், அதாவது வாயில் வெளியே தெரியும் பக்கம், பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது, தேய்க்கவே கூடாது. வேரின் மேல் மெல்லிய சவ்வு மாதிரி ஒட்டியிருக்கும் உயிரணுக்கள்தான் பல்லைத் திரும்ப ஒட்டவைப்பவை. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ ஓடும் தண்ணீரிலோ ஒரு சில நொடி காட்டிவிட்டு, முடிந்தால் அந்தக் குழியிலேயே திருப்பிச் செருகி, துணியைக் கடிக்கச் சொல்லிவிட்டு ஓட வேண்டியதுதான். செருகப் பயமாக இருந்தால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துப்போகலாம். வெறும் தண்ணீரில் ஊறவைக்கவோ, நம் வீடுகளில் செய்வதுபோலக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைக்கவோ வேண்டாம். அரை மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது. வறண்ட நிலையில் ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் அந்த அணுக்கள் பிழைப்பது அரிது. இதெல்லாம் நிலைப்பல்லுக்கு மட்டும். பால்பல் விழுந்தால் திருப்பி வைப்பதில்லை, உள்ளே வளரும் பல்லின் முளை கெட்டுவிடும்.

இனி நிலத்துக்கு வருவோம்.

ஆற்றங்கரைச் சொத்து வழக்கு எந்த நாட்டில் வந்தாலும், எவ்வளவு நிலம் போனது என்று நீதிபதி முதலில் கேட்க மாட்டார். எப்படிப் போனது என்றுதான் கேட்பார். ஆறு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கரையை அரித்து எதிர்க்கரையில் வண்டல் சேர்க்கிறது. பக்கத்திலேயே குடியிருப்பவனுக்குக்கூட அது நடப்பது தெரியாது, நடந்து முடிந்தபின்தான் தெரியும். இதற்கு அக்ரீஷன் என்று பெயர். இப்படி நடந்தால் எல்லை ஆற்றோடு சேர்ந்து நகரும். அரிக்கப்பட்டவனுக்கு நஷ்டம், வண்டல் சேர்ந்தவனுக்கு லாபம். உங்கள் எள் விவசாயி சொல்வது இந்தச் சட்டத்தைத்தான். இதற்கு அது சரியான சட்டமும்கூட. எந்த மண் எவன் வயலிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாதபோது, அதை வைத்து வழக்காட விட்டால் கரையோர நிலம் ஒன்றுக்கும் உரிமை நிலைக்காது.

ஒரே வெள்ளத்தில் ஆறு குபீரென்று பாதை மாறினால் கதை வேறு. நேற்றுவரை இங்கே வரப்பு இருந்தது, இன்று அந்த வரப்பு அக்கரையில் இருக்கிறது, அதே வேப்பமரம் அதே இடத்தில் நிற்கிறது என்று விரல் நீட்டிக் காட்ட முடிகிறது. இதுதான் சொத்துச் சட்டத்தின் அவல்ஷன். இங்கே ஆறு நகர்ந்தாலும் எல்லை நகராது. பழைய ஆறு ஓடிய தடத்திலேயே, தண்ணீர் வற்றிப்போனாலும், எல்லைக்கோடு கிடக்கும்.

இது நவீன காலத்து வக்கீல்கள் கண்டுபிடித்ததில்லை. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில் தொகுத்த ரோமானியச் சட்டநூலிலேயே இருக்கிறது. ஆற்றின் வேகம் உன் நிலத்தில் ஒரு துண்டைப் பெயர்த்து அண்டைக்காரன் நிலத்தோடு சேர்த்தால் அது உன்னுடையதாகவே இருக்கும் என்கிறது. அதோடு நிற்கவில்லை. அந்தத் துண்டு அங்கேயே நெடுநாள் ஒட்டிக் கிடந்து, அதோடு போன மரங்கள் அண்டைக்காரன் மண்ணில் வேர்விட்டுவிட்டால் அப்போது அது அவனுடையது என்றும் சொல்கிறது. இரண்டாவது பாதியைக் கவனியுங்கள். சும்மா இருந்தவனுக்குச் சட்டம் துணைவராது என்பதை அன்றைக்கே எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னால் உங்களுக்கு ஒரு கெடு சொல்லப்போகிறேன், அதற்கும் இதுதான் மூலம்.

உங்கள் மருமகன் காட்டிய பலகைக்கு வருகிறேன். அந்த ஊரின் பெயர் கார்ட்டர் லேக். நெப்ராஸ்காவுக்கும் அயோவாவுக்கும் எல்லை மிசௌரி ஆற்றின் நடு ஓட்டம். ஒமாஹாவுக்கு மேலே ஆறு அந்தக் காலத்தில் ஒரு பெரிய லாடம்போல வளைந்து ஓடியது. 1877இல் வந்த வெள்ளத்தில் அந்த வளைவின் கழுத்தை நேராக வெட்டிக்கொண்டு புதுப் பாதையில் போய்விட்டது. வளைவுக்குள் இருந்த அயோவா நிலம் அப்படியே நெப்ராஸ்கா பக்கம் மாட்டிக்கொண்டது. பழைய வளைவில் தேங்கிய தண்ணீர்தான் அந்த ஏரி. பிறகென்ன, இரண்டு மாநிலமும் சண்டை போட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயின. 1892இல் தீர்ப்பு: திடீரென்று ஆறு மாறியதால் எல்லை மாறாது, நிலம் அயோவாவுக்கே. இன்றைக்கும் மிசௌரிக்கு மேற்கே இருக்கும் ஒரே அயோவா ஊர் அதுதான். ஒமாஹா விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் போகிறவர்கள் ஒரு மாநிலத்தை விட்டு இன்னொன்றுக்குள் நுழைந்து மறுபடி திரும்பி வருகிறார்கள். 1943இல் இரண்டு மாநிலமும் எல்லையை நிரந்தரமாக்க ஒப்பந்தம் போட்டபோதும் கார்ட்டர் லேக்கை யாரும் அசைக்கவில்லை.

அந்த 1892 தீர்ப்பில் உங்கள் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கக்கூடிய இன்னொரு பகுதி இருக்கிறது. மிசௌரி சாதுவான ஆறு கிடையாது. கரையெல்லாம் மணற்பாங்கு. அடிமண்ணை அரித்துவிட்டு மேலே இருக்கும் நிலத்தை ஏக்கர் கணக்கில் திடுதிப்பென்று சரித்துவிடும். இது கண்ணெதிரே நடக்கிறதே, சத்தம்கூடக் கேட்கிறதே, இதுவும் அவல்ஷன்தானே என்று கேட்டார்கள். இல்லை என்றார் தீர்ப்பெழுதிய நீதிபதி பிரூவர். இந்தக் கரை சரிந்து விழுவது வேகமாக இருக்கலாம். ஆனால் சரிந்த மண் தண்ணீரில் கரைந்து, அடித்துக்கொண்டு போய், எங்கோ கீழே துகள் துகளாகத்தான் படிகிறது. எனவே அது மெல்லச் சேர்வதுதான். நிலம் அடையாளம் தெரியும்படி அப்படியே இருந்து, ஆறு மட்டும் தாவிப் போனால்தான் அவல்ஷன்.

கொள்ளிடக் கரையில் பிறந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். வெள்ளத்தின்போது படுகை தொப் தொப்பென்று இடிந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். “கரை இடிந்து ஆற்றோடு போயிற்று, அக்கரையில் புதிதாகத் திடல் விழுந்தது, அதில்தான் நான் எள் போட்டேன்” என்று அவர் சொன்னால் சட்டம் அவர் பக்கம் சாயும். “ஆறு என் வயலைக் குறுக்கே பிளந்தது. அக்கரையில் இருப்பது என் பழைய வயலின் வடக்குப் பாதி. அதே வரப்பு, அதே மேட்டுமண்” என்று நீங்கள் நிரூபித்தால் உங்கள் பக்கம் சாயும். கேஸ் மொத்தமும் இவ்வளவுதான்.

இந்த இரண்டையும் பிரித்தறிவது சில நேரம் எவ்வளவு சிக்கலாகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லிவிட்டுப் போகிறேன். அமெரிக்காவின் எல் பாஸோவுக்கும் மெக்ஸிகோவின் ஸியுதாத் ஹுவாரஸுக்கும் நடுவே ரியோ கிராண்டே ஆறுதான் எல்லை. அது தெற்கே நகர்ந்துகொண்டே போனதில் சமிஸால் என்ற சுமார் 600 ஏக்கர் மெக்ஸிகோ நிலம் அமெரிக்கக் கரையில் வந்து சேர்ந்தது. நகர்வில் கொஞ்சம் மெல்ல நடந்தது, கொஞ்சம் 1864 வெள்ளத்தில் ஒரேயடியாக நடந்தது. 1911இல் ஒரு கனடா நாட்டு நீதிமானைத் தலைவராக வைத்து நடுவர் மன்றம் உட்கார்ந்தது. 1864இல் ஆறு எங்கே ஓடியதோ அங்கே கோடு போட்டுப் பங்கிடுங்கள் என்றது. அந்தக் கோடு எங்கே என்று இப்போது யாரால் காட்ட முடியும் என்று சொல்லி அமெரிக்கா தீர்ப்பை ஏற்கவில்லை. 1963 உடன்படிக்கையில்தான் விவகாரம் முடிந்தது. எல் பாஸோ பக்கம் குடியிருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. ஆறு இனி அசையக் கூடாது என்று அதற்குச் சிமெண்ட் வாய்க்கால் கட்டிவிட்டார்கள். பழைய ஆற்றுத் தடத்தைக் குறித்துவைக்காததால் இரண்டு அரசாங்கங்களுக்கே நூறு வருஷம் ஆயிற்று. உங்கள் விஷயத்தில் வெள்ளம் வந்து சில வருஷம்தான் ஆகிறது. தடம் இன்னும் அழிந்திருக்காது.

ஆறு ஏன் இப்படித் தாவுகிறது என்று கேட்டிருக்கவில்லை. ஆனாலும் ஆசிரியர் என்பதால் சொல்கிறேன், வழக்குக்கும் உதவும். வண்டல் சுமந்து வரும் ஆறு சமவெளியில் வேகம் குறைந்ததும் சுமையைத் தன் படுகையிலேயே இறக்கிவைக்கிறது. படுகை ஏறிக்கொண்டே வரும். கரையும் ஏறும். ஒரு கட்டத்தில் ஆறு ஓடும் மட்டம் பக்கத்து வயல்களைவிட உயரமாகிவிடும். அப்புறம் ஒரு உடைப்பு போதும். தண்ணீருக்குப் பழைய வழியைவிடச் சரிவான வழி கிடைத்துவிட்டால் அது திரும்பிப் போகாது. புவியியல்காரர்கள் இதை அவல்ஷன் என்கிறார்கள்.

கோசி ஆறு 2008 ஆகஸ்ட் 18 அன்று செய்தது இதைத்தான். நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. அன்று பெருவெள்ளம்கூட இல்லை. வினாடிக்கு 9.5 லட்சம் கன அடி தாங்கும்படி திட்டமிட்ட கரை, அதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஓடாத நாளில் போயிற்று. இரு கரைக்குள் அடைபட்டு, சுமார் ஐம்பது வருஷ வண்டலால் மேடேறிக் கிடந்த ஆறு, என்றோ விட்டுவிட்டு வந்த பழைய தடங்களைத் தேடிக் கிழக்கே 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் பாய்ந்தது. சுபௌல், மதேபுரா, அராரியா என்று ஆற்றையே பார்த்திராத ஊர்களெல்லாம் மூழ்கின. பீகாரில் மட்டும் 30 லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு. உடைப்பை அடைத்து ஆற்றைத் திருப்ப அடுத்த வருஷம் ஆயிற்று. தண்ணீர் வடிந்தபின் வயலெல்லாம் மணல். ஆனால் மணலுக்கு அடியில் யார் வயல் யாருடையது என்பது மாறவில்லை.

நம் ஊரிலும் இது நடந்திருக்க வேண்டியது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது அல்லவா, கொள்ளிடத்தின் தரைமட்டம் தாழ்வு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிக் கிளை மணல்மேடிட்டுக்கொண்டே வர, தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது, தஞ்சாவூர் காய்ந்துகொண்டிருந்தது. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி அதைத் தடுத்தார். அந்த மேலணையின் ஒன்பது மதகுகள்தான் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. உங்கள் படுகை அந்த ஆற்றின் வெள்ளவழிக்குள் இருக்கிறது. அங்கே ஓட்டம் தாவுவது இயல்பு என்பதை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்வதில் தவறில்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? வங்காள மாகாணத்துக்கு 1825இல் ஓர் ஒழுங்குவிதி போட்டார்கள். மெல்லச் சேர்ந்த வண்டல் கரைக்காரனுக்கு. ஆறு திடீரென்று பாதை மாறி ஒருவர் நிலத்தைப் பிளந்தாலோ, கணிசமான துண்டை அடையாளம் மாறாமல் பெயர்த்து மறுபக்கம் சேர்த்தாலோ, அது பழைய உடைமையாளருக்கே. இந்த விதி சென்னை மாகாணத்துக்குப் பொருந்தாது. அதனால் நமக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். எழுதின சட்டம் இல்லாத இடத்தில் நீதிமன்றங்கள் நியாயம், நடுநிலை, நல்மனசாட்சி என்ற அடிப்படையில் இதே கொள்கையைத்தான் பின்பற்றுகின்றன. கங்கையில் மூழ்கிப்போய்ப் பிறகு அதே இடத்தில் எழும்பிய நிலத்தைப் பக்கத்து ஜமீன் “எனக்குச் சேர்ந்த வண்டல்” என்று உரிமை கோரிய லோபஸ் வழக்கில், 1870இல் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) பழைய உடைமையாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இருந்த இடம் அடையாளம் தெரிகிறது, அவர் அதைக் கைவிடவும் இல்லை, எனவே அவருடையதே. இது ஒரு நாட்டுச் சட்டத்துக்கு மட்டும் உரிய விதி அல்ல, எங்கும் செல்லும் நியாயம் என்றும் சொன்னார்கள். உங்கள் தண்ணீருக்கடியிலான 30 சென்ட்டுக்கு என் நம்பிக்கை இந்தத் தீர்ப்பில்தான். ஆற்றுப்படுகை அரசின் சொத்து என்று 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் சொல்வது உண்மை. அதே பிரிவு தனியார் பட்டாவில் உள்ள நிலத்துக்கு விலக்கும் தருகிறது.

அந்தப் ‘பட்டா’ என்ற இடத்தில் உங்களை ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். கடிதத்தில் “எனக்கு இருக்கிறது” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். படுகை நிலத்தில் மூன்று வகை உண்டு: பட்டா நிலம், அரசு குத்தகைக்கு விட்டது, வெறும் அனுபவத்தில் இருப்பது. என்னிடம் வருகிற பலர் ஒரு கட்டு ரசீதைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். எல்லாம் பத்திரமாக, பிளாஸ்டிக் உறையில். பிரித்துப் பார்த்தால் பி மெமோ. அதாவது, “நீ புறம்போக்கை ஆக்கிரமித்திருக்கிறாய், அபராதம் கட்டு” என்று அரசு கொடுத்த சீட்டு. அப்பா காலத்திலிருந்து வரி கட்டுகிறோம் என்பார்கள், பாவம். உங்களிடம் இருப்பது அதுதான் என்றால் மேலே எழுதியது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. பட்டா என்றால் அது யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) பட்டா மட்டும்தானா, அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டிலும் இதே சர்வே எண் தனியார் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். யுடிஆரில் நடந்த பிழைகள் இன்றுவரை கோர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பட்டா சரி என்று வைத்துக்கொள்வோம். அரியலூர் மாவட்டம் என்று பயப்பட வேண்டாம். வருவாய்க் கிராம எல்லை சர்வேயில் கல் நட்டு முடிவானது. ஆறு எந்தப் பக்கம் ஓடினாலும் உங்கள் சர்வே எண் உங்கள் கிராமத்தில்தான், உங்கள் வட்டத்தில்தான் இருக்கும். அக்கரை கிராம நிர்வாக அலுவலர் அந்த எள்ளை அவருடைய அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) ஏற்றியிருந்தால் அதுவே உங்களுக்கு ஒரு பிடி. எந்த சர்வே எண்ணில் ஏற்றினார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் மழுப்பலாக வரும். அந்த மழுப்பலும் பிற்பாடு உபயோகப்படும்.

அடுத்து எஃப்எம்பி (சர்வே எண்ணுக்குரிய புல அளவு) வரைபடத்தின் நகல், பக்கத்து சர்வே எண்களுக்கும் சேர்த்து. ஆற்று ஓரத்துக் கற்கள் போயிருக்கும். மேட்டுப்பக்கக் கற்களில் இரண்டு மூன்று நின்றால் போதும், அளவையர் அங்கிருந்து அளந்து கோட்டை இழுத்துவிடுவார். அளந்து எல்லை காட்டும்படி தாசில்தாருக்கு மனு கொடுத்துப் பணம் கட்டுங்கள். எதிர்த்தரப்புக்கும் அறிவிப்பு போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாத நேரத்தில் அளந்த அளவை கோர்ட்டில் நிற்பது சிரமம். வெள்ளத்துக்கு முந்தைய, பிந்தைய செயற்கைக்கோள் படங்களைத் தேதியோடு எடுத்துவையுங்கள். உங்கள் மருமகனே பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பார். வெள்ளத்துக்கு முந்தின படத்தில் முழு வயல், அடுத்த படத்தில் நடுவே ஆறு, வடக்குப் பாதி வடிவம் மாறாமல் அப்படியே என்று தெரிந்தால் அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தேவையில்லை. அந்த வெள்ளத்தன்று பயிர்ச்சேத நிவாரணத்துக்கு நீங்கள் கொடுத்த மனு இருந்தால் தேடி எடுங்கள். ஒரே நாளில் நடந்தது என்பதை அன்றைக்கே அரசுக்கு எழுதிக் கொடுத்த காகிதம் அது.

வரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆற்றுக்குள் போன பாகத்துக்கு எதற்குத் தீர்வை கட்ட வேண்டும், எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று யாராவது ஒரு படிவத்தை நீட்டலாம். தள்ளுபடி கேட்கலாம், தப்பில்லை. “நிலத்தை ஒப்படைக்கிறேன்” என்ற அர்த்தம் வரும் வரி ஒன்று அதில் இருந்தால் கையெழுத்து போடாதீர்கள். லோபஸ் வழக்கே ‘கைவிடவில்லை’ என்ற ஒரு சொல்லில்தான் ஜெயித்தது. என்னைக் கேட்டால் முழு 1 ஏக்கர் 40 சென்ட்டுக்கும் கட்டிவிடுங்கள், பெரிய தொகை ஒன்றும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் விலகவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், பிறகு நிலம் உங்களுடையது என்று அறிவிக்கவும் (உரிமை விளம்புகை), அதை உங்கள் கையில் ஒப்படைக்கவும் (சுவாதீனம்) கேட்டு வழக்கு. சொத்து எந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் என்பதில் அவர் தகராறு செய்தால், எல்லை நிச்சயமில்லாத சொத்துக்கு எந்தக் கோர்ட்டில் போடுவது என்பதற்கே சிவில் நடைமுறைச் சட்டத்தில் 18ஆவது பிரிவு இருக்கிறது. கோர்ட் சார்பில் ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டு இடத்தைப் பார்க்கச் சொல்லும் மனுவை வழக்கோடு சேர்த்தே போடச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம். கெடு ஒன்று உண்டு என்றேனே, அது 12 வருஷம். அவர் உங்கள் நிலத்தில் உங்களுக்கு விரோதமாக, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 வருஷம் அனுபவித்துவிட்டால் காலவரையறைச் சட்டப்படி நீங்கள் சுவாதீனம் கேட்க முடியாது. அவர் முதல் முறை உழுத தேதியிலிருந்து எண்ணுங்கள்.

இடையில் அவரோடு பேசிப் பார்ப்பதையும் நான் தடுக்க மாட்டேன். அக்கரை 50 சென்ட்டுக்குப் போய்வர உங்களுக்குப் பரிசலோ அணைக்கரைப் பாலமோதான் வழி. அந்த நிலத்தை நீங்கள் பயிர் செய்யப்போவதில்லை என்றால், அவருக்கே முறையாக எழுதிக் குத்தகைக்கு விடலாம். அவர் குத்தகைதாரர் என்று கையெழுத்திட்ட நாளிலிருந்து 12 வருஷக் கணக்கு அவருக்கு ஓடாது. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டங்கள் தனியாக இருக்கின்றன, எழுதுவதற்கு முன் உள்ளூர் வக்கீலிடம் பத்திர வாசகத்தைக் காட்டிக்கொள்ளுங்கள்.

மணலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது உங்களிடம் கேட்பார்கள். வெள்ளம் உங்கள் பட்டா நிலத்தில் ஆளுயரம் மணல் கொட்டியிருந்தாலும் அள்ளி விற்கும் உரிமை உங்களுக்கு வராது. 2003லிருந்து தமிழ்நாட்டில் மணல் எடுப்பது அரசின் கையில். “உங்கள் நிலத்தைச் சுத்தம் செய்து தருகிறோம் சார்” என்று லாரியோடு வருபவருக்குத் தலையாட்டினால், நில வழக்கில் வாதியாக நிற்க வேண்டியவர் இன்னொரு வழக்கில் எதிரியாக நிற்பீர்கள்.

அளவையர் மனுவைப் பங்குனிக்குள் கொடுத்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் கொள்ளிடம் காய்ந்து கிடக்கும்போது அளந்தால்தான் அந்த 30 சென்ட்டிலும் இறங்கி நடந்து சங்கிலி பிடிக்க முடியும். மேட்டூர் நிரம்பி உபரிநீரைத் திறந்துவிட்டால் அப்புறம் அடுத்த கோடைதான்.